தரங்கம்பாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

தரங்கம் என்றால் அலை. பாடி என்றால் ஊர். தரங்கம்பாடி என்ற பெயருக்குப் பண்டிதர்கள் இதற்கு மேல் பொருள் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவ்வூர் ஜனங்களைக் கேட்டுப் பாருங்கள். "அலைகள் பாடும் ஊர்" என்றுதான் பெருமையோடு சொல்வார்கள். அந்தக் கடற்கரையில் ஒரு மாலைப் பொழுது நின்றவர்கள் பண்டிதர்களை விட்டுவிட்டு ஜனங்களின் கட்சியில் சேர்ந்துகொள்வது நிச்சயம். நானும் அப்படிச் சேர்ந்தவன்தான். ஆயினும் நான் அங்கே கேட்ட பாட்டு அலையின் பாட்டு மட்டும் அன்று. மற்றொரு பாட்டையும் கேட்டேன். அதைப் பற்றிச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

2021-ஆம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி பிற்பகலில் மாயவரத்தில் பஸ் ஏறினேன். மாயவரம் மயிலாடுதுறையாகி எவ்வளவோ காலமாயிற்று. இப்பொழுது அது ஒரு மாவட்டத்தின் தலைநகரும் ஆகிவிட்டது. ஆனாலும் பழைய பெயர் நாக்கை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அங்கிருந்து தரங்கம்பாடி சுமார் 30 கிலோமீட்டர். ஒரு காலத்தில் ரயில் ஓடியது, இப்பொழுது பஸ்தான்.

டிசம்பர் 25 என்றதும் வாசகர்கள் புருவத்தை உயர்த்தக் கூடும். கிறிஸ்துமஸ் பண்டிகையன்று ஒரு கிறிஸ்தவன் வீட்டில் இராமல் பஸ்ஸில் ஏறுவானேன்? சரித்திர உபாத்தியாயர் ஆகையால், பள்ளிப் பாடத்துக்குக் குறிப்பு எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். அது பொய்யன்று, முழு உண்மையும் அன்று. பண்டிகை வீட்டில் இருக்க எனக்கு மனம் இல்லை.

அவ்வாண்டு மே மாதத்தில் என் தம்பி காலமானான். கொள்ளை நோயின் "இரண்டாவது அலை" என்று பத்திரிகைகள் பெயரிட்டனவே, அந்த அலையில் போனான். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கல்லறைத் தோட்டம். நாங்கள் நாலு பேர்தான் நின்றோம். தேவாலயங்கள் எல்லாம் மூடிக் கிடந்த காலம். குருவானவர் தூர நின்று சுருக்கமாக ஜெபித்தார். மணி அடிக்கவில்லை; பாட்டு இல்லை. எங்கள் தெருவில் ஒருவர் இறந்தால் இரவு முழுவதும் உட்கார்ந்து பாடும் வழக்கம் உண்டு. தம்பிக்காக ஒரு அடிகூட யாரும் பாடவில்லை.

ஞாயிறு தோறும் ஆராதனை கைபேசித் திரையில் வந்துகொண்டிருந்தது. முதல் வாரம் எழுந்து நின்று பார்த்தேன். சில வாரங்களில் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு காப்பி குடித்துக்கொண்டே பார்த்தேன். பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டேன். கதவுகள் திறந்த பின்னும் நான் உள்ளே போகவில்லை. கடவுள் இல்லை என்று வாதித்து முடிவு கட்டியவன் அல்லன் நான். அவ்வளவு சிரமம் எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணெய் வற்றிய விளக்கை யாரும் ஊதி அணைக்க வேண்டியதில்லை அல்லவா? அப்படித்தான் ஆயிற்று.

இந்த மனநிலையோடு ஊருக்குள் நுழைந்தேன். நகர வாசலைத் தாண்டினால் நேரே ராஜ வீதி. அகலமான வீதி, இரு புறமும் பழைய காலத்து வீடுகள், கோடியில் கடல். டென்மார்க்கு தேசத்தார் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு 1620-இல் இங்கே கோட்டை கட்டினார்கள். டான்ஸ்பர்க் என்ற அந்தக் கோட்டை இன்றும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதற்குச் சிறிது வடக்கே மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியன் குலசேகரன் காலத்தில், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அதன் பெரும் பகுதியைக் கடல் கொண்டு போய்விட்டது. டேனிஷ்காரர்கள் 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். ராஜாக்கள் வந்தார்கள், கம்பெனிகள் வந்தன, எல்லாரும் போனார்கள். அலை மட்டும் போகவில்லை. அன்று மாலை கோட்டைச் சுவரருகே நின்று, "நிலையாமையைப் போதிக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேண்டுமா?" என்று கசப்போடு நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலையில் மறுபடியும் கடற்கரைக்குப் போனேன். அங்கே கூட்டம் கூடியிருந்தது. மீனவக் குடும்பங்கள், பெரும்பாலும் பெண்கள். சிலர் கையில் பூ, சிலர் கையில் செம்பு. மௌனமாக நடந்து போய், முழங்கால் நனையும் ஆழத்தில் நின்று, செம்பிலிருந்த பாலைக் கடலில் ஊற்றினார்கள். அப்பொழுதுதான் தேதி நினைவுக்கு வந்தது. டிசம்பர் 26.

2004-ஆம் ஆண்டு அதே தேதியில், அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், ஆழிப்பேரலை இந்தக் கரையில் ஏறிற்று. அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டவர் மாண்டனர். தரங்கம்பாடியில் குழந்தைகளும் பெண்களும் நூற்றுக்கணக்கில் போனார்கள். பிள்ளையைக் கொண்டுபோன கடலுக்குப் பால் வார்க்கும் தாயை என்னவென்று சொல்வது? எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஒருத்தியாவது தனியாக வரவில்லை. அழத் தொடங்கியவளை இரண்டு பக்கமும் இருவர் பிடித்துக்கொண்டார்கள். அலை வந்து மோதும்போது மூவரும் சேர்ந்து ஆடினார்கள், ஒருவரும் விழவில்லை.

நான் அங்கே நின்றுகொண்டிருக்கும்போது ராஜ வீதியிலிருந்து கோயில் மணி கேட்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆராதனைக்காகப் போகவில்லை. புதிய எருசலேம் ஆலயத்தில் பர்த்தலோமேயு சீகன்பால்க் ஐயரின் கல்லறை இருக்கிறது. முந்தின நாள் மாலை கதவு சாத்தியிருந்தபடியால் பார்க்க முடியவில்லை. மணி அடித்தால் கதவு திறந்திருக்கும் அல்லவா? சட்டென்று போய்க் கல்லறையைப் பார்த்துக் குறிப்பு எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் நான் போய்ச் சேர்வதற்குள் முதல் பாட்டுத் தொடங்கிவிட்டது. பாட்டின் நடுவே பலிபீடத்தண்டை போய்க் குறிப்பெடுக்கிறவனை என்னவென்று நினைப்பார்கள்? பின்வரிசையில் ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். கல்லறையைப் பார்க்க வந்தவன் ஆராதனையில் அகப்பட்டுக்கொண்டேன்.

அந்த ஆலயத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்க், புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மானிய வாலிபர்கள் 1706 ஜூலை 9-ந் தேதி இந்தக் கரையில் இறங்கினார்கள். சீகன்பால்க் திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். அடுத்த வருஷம் மே மாதம் 12-ந் தேதி ஐந்து பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அந்த ஐவரும் டேனிஷ்காரர் வீடுகளில் அடிமைகளாயிருந்தவர்கள். கோட்டைத் தளபதியின் பகையைச் சம்பாதித்துக்கொண்டு சீகன்பால்க் நாலு மாத காலம் இதே கோட்டையில் சிறையிருந்தார். 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். இப்பொழுதுள்ள ஆலயத்தை 1718 அக்டோபர் 11-ந் தேதி பிரதிஷ்டை செய்தார். நாலு மாதம் சென்றது. 1719 பிப்ரவரி 23-ந் தேதி, 36 வயதில், கண்ணை மூடினார். தாம் கட்டிய கோயிலிலேயே அடக்கமானார்.

இவ்வளவும் எனக்குப் புத்தகத்தில் தெரியும். புத்தகத்தில் தெரியாதது ஒன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

அவர் ஒரு பெரியவர். எண்பது வயதுக்குக் குறையாது. முகக்கவசத்துக்கு மேல் தெரிந்த கண்களில் பூ விழுந்திருந்தது. மடியில் பாட்டுப் புத்தகம் மூடியபடி இருந்தது. ஆனால் அவர் ஒரு சொல் தவறாமல் பாடிக்கொண்டிருந்தார். நல்ல குரல் என்று சொல்ல முடியாது. ஓட்டை நாகசுரத்திலிருந்து காற்று வருவதுபோல் இருந்தது. நான் பாடவில்லை என்பதைக் கண்ணால் அல்ல, காதால் கண்டுகொண்டார். மடியிலிருந்த புத்தகத்தை எடுத்து என் கையில் வைத்தார். பக்கத்தைக்கூடத் தடவிப் பார்த்துச் சரியாகத் திருப்பிக் கொடுத்தார்.

முதல் பாட்டு ஜெர்மானிய மெட்டில் அமைந்த ஞானப்பாட்டு. அடுத்தது நம் நாட்டு ராகத்தில் ஒரு கீர்த்தனை. கோயிலின் முகப்பில் டென்மார்க்கு மன்னரின் கிரீடமும் முத்திரையும் இருக்கின்றன; உள்ளே எழுந்த குரலோ காவிரிக் கழிமுகத்துக் குரல். முகக்கவசங்களுக்குள் அடைபட்டு வந்தபோதிலும் அந்தக் குரல் கூரையில் போய் முட்டித் திரும்பியது. நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை.

பாவ அறிக்கை, வேத வாசிப்பு, விசுவாசப் பிரமாணம் எல்லாம் முறைப்படி நடந்தன. கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சபையார் சேர்ந்து சொன்னார்கள். குழந்தைப் பருவம் முதல் ஆயிரக்கணக்கான தடவை சொன்ன ஜெபம். அன்றுதான் முதல் தடவையாக அதில் ஒரு விஷயம் காதில் பட்டது. அந்த ஜெபத்தில் "என்" என்ற சொல் கிடையாது. தந்தையும் எங்கள் தந்தை. அப்பமும் எங்கள் அப்பம். பிழையும் எங்கள் பிழை. ஏழு மாத காலமாக, அதைத் தனியாகச் சொல்ல முயன்று முடியாமற்போனவன் நான். பன்மையில் எழுதிய வாக்கியத்தை ஒருமையில் படித்துவிட்டுப் பொருள் விளங்கவில்லை என்று குறை சொன்ன மாணாக்கனைப் போல் இருந்தேன்.

பிரசங்கத்துக்குப் பின் குருவானவர் ஒரு காகிதத்தைப் பிரித்தார். அவ்வருஷம் சபையில் மரித்தவர்களின் பெயர்களை வாசித்தார். பட்டியல் நீளமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் சற்று நிறுத்தினார். பிறகு, "ஆழிப்பேரலையில் நாம் இழந்தவர்களையும் நினைக்கிறோம்" என்றார். இறுதியில் காகிதத்தை மடித்துவிட்டு, "இங்கே வந்திருக்கிற வெளியூரார் யாருக்காவது சொல்ல வேண்டிய பெயர் இருந்தால் சொல்லலாம்" என்றார்.

நான் எழுந்திருப்பதாகவே நினைக்கவில்லை. ஆனால் எழுந்து நின்றேன். தம்பியின் பெயரைச் சொன்னேன். பெயரை மட்டும்தான் சொன்னேன். அதற்கு மேல் தொண்டை இடங்கொடுக்கவில்லை. அவனை அறியாத, என்னையும் அறியாத அத்தனை பேரும் ஒரே குரலில் "ஆமென்" என்றார்கள். மே மாதத்தில் கல்லறைத் தோட்டத்தில் கேட்காத குரல் அது. என் தம்பிக்கு நடக்க வேண்டிய ஆராதனை அன்று அந்தக் கணத்தில் நடந்து முடிந்தது என்று எனக்குத் தோன்றிற்று.

கடைசிப் பாட்டில் நானும் சேர்ந்துகொண்டேன். நன்றாகப் பாடினேன் என்று சொல்லமாட்டேன்.

ஆராதனை முடிந்தபின் பெரியவரைக் கைப்பிடித்து வாசலுக்கு அழைத்து வந்தேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, "தம்பிதானா?" என்று கேட்டார்.

"ஆமாங்க ஐயா. என்னைவிட நாலு வயசு இளையவன்."

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "சுனாமியிலே என் சம்சாரத்தையும் பேத்தியையும் பறிகொடுத்தேன், தம்பி. அதுக்கு அடுத்த ஞாயிறு கோயிலுக்கு வந்தேன். ஏன் வந்தேன்னு தெரியாது. வேறே போக்கிடம் இல்லே. வாயைத் திறக்க முடியலே. பக்கத்திலே இருந்தவங்க பாடினாங்க. மூணு மாசம் அவங்களே பாடினாங்க. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒருத்தரும் ஏன் பாடலேன்னு கேட்கலே. அப்புறம் ஒரு நாள் எனக்கும் குரல் வந்துது. அவங்க நிறுத்தியிருந்தா எனக்குப் பாட்டே மறந்து போயிருக்கும்."

"இன்னிக்கு நீங்க பாடலே, நான் பாடினேன். அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டு, பேரன் பிடித்திருந்த மோட்டார் சைக்கிளை நோக்கிக் கோலை ஊன்றிக்கொண்டு நடந்தார்.

கல்லறையைப் பார்க்க மறுபடி உள்ளே போனேன். குறிப்புப் புத்தகத்தில் ஏதும் எழுதவில்லை. ஆனால் சரித்திரம் அன்று வேறு விதமாக எனக்குத் தெரிந்தது. ஆலயம் கட்டியவர் நாலு மாதத்தில் போய்விட்டார்; பாட்டு நிற்கவில்லை. ஊரை ஆண்டவர்கள் விற்றுவிட்டுப் போனார்கள், பாட்டு நிற்கவில்லை. முதல் உலக மகாயுத்தத்தின்போது ஜெர்மன் மிஷனரிகள் இந்நாட்டை விட்டுப் போகும்படி நேர்ந்தது. மேய்ப்பர் இல்லாத மந்தை சிதறிப் போயிருக்கலாம். ஆனால் 1919 ஜனவரியில் தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்று சொந்தக் காலில் எழுந்து நின்றது. 1956-இல் ராஜா பி. மாணிக்கம் அவர்கள் தரங்கம்பாடிப் பேராயரானபோது, அந்தப் பீடத்தில் முதல் இந்தியர் அமர்ந்தார். அந்நியர் கொண்டுவந்து நட்ட செடியாக இருக்கலாம். தண்ணீர் விட்டவர்கள் பெயர் தெரியாத நம்மவர்கள்தான்.

எல்லாம் பொன்னாயிருந்தது என்று சொல்ல வரவில்லை. இதே கோயிலில் சாதி பார்த்துத் தனித்தனியே உட்கார்ந்த காலமும் உண்டு. சேர்ந்து பாடியவர்கள் சேர்ந்து அமர மறுத்தார்கள். அந்த நோய் நம் நாட்டில் எந்த மதத்தின் வாசலையும் விட்டுவைக்கவில்லை. இன்றும் அடியோடு தீர்ந்தபாடில்லை. கூடி வழிபடுவது என்பது சுலபமான காரியமன்று. ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கற்க வேண்டிய பாடம்.

பிற்பகலில் அருகேயுள்ள தில்லையாடிக்குப் போனேன். தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, 1914-இல் பதினாறு வயதில் உயிர் நீத்த வள்ளியம்மையின் முன்னோர் ஊர். காந்தியடிகள் 1915-இல் இந்த ஊரைத் தேடி வந்தார். அங்குள்ள நினைவு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு யோசனை தோன்றிற்று. காந்தியடிகளைப் போல் தனிமையில் கடவுளோடு பேச வல்லவர் வேறு யார்? அவர் ஏன் காலையும் மாலையும் ஆசிரமத்தார் அனைவரையும் கூட்டி வைத்துக்கொண்டு பிரார்த்தித்தார்? நவகாளியில் ரத்தம் காயாத கிராமங்களில் நடந்தபோதும் அந்தக் கூட்டுப் பிரார்த்தனையை ஏன் விடவில்லை? 1948 ஜனவரி 30-ந் தேதி மாலை அவர் பிரார்த்தனைக் கூட்டத்துக்குத்தான் நடந்து போய்க்கொண்டிருந்தார். தம் பலத்துக்காக மட்டும் அல்ல, அன்றைக்குப் பாட முடியாதவர்கள் பக்கத்தில் இருப்பார்கள் என்பதற்காகவும் போனார் என்று இப்பொழுது நினைக்கிறேன்.

ஊர் திரும்பினேன். பத்துப் பன்னிரண்டு நாட்கள் செல்வதற்குள், நோயின் மூன்றாவது அலை காரணமாக, வெள்ளி, சனி, ஞாயிறுகளில் வழிபாட்டு ஸ்தலங்களை மூடும்படி உத்தரவு வந்தது. மறுபடியும் கைபேசித் திரை. விசுவாசத்தைச் சோதிக்கக் கடவுள் அதிக அவகாசம் கொடுக்கவில்லை.

ஆனால் இந்தத் தடவை காப்பிக் கோப்பையை எடுத்துவிட்டேன். வீட்டில் உள்ளவர்களைக் கூட்டி உட்கார வைத்தேன். எதிர் வீட்டில் ஒரு விதவை இருக்கிறார். மே மாதத்தில் கணவனை இழந்தவர். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளச் சொன்னேன். எங்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, திரைக்குப் பின்னால் போகாமல், எங்கள் குரலிலேயே பாடினோம். முதல் ஞாயிறு அந்த அம்மாள் பாடவில்லை. இரண்டாவது ஞாயிறும் பாடவில்லை.

நாங்கள் ஏன் என்று கேட்கவில்லை. பாடிக்கொண்டிருந்தோம்.